தாலி தேடிய இரண்டு நாள்: 15 அங்குலத் தட்டும் 6 அங்குலத் தட்டும்

## பின்னணி

திருமங்கலத்தில் எனக்கு மோட்டார் ரீவைண்டிங் கடை. பெயர்ப் பலகையில் என்ன எழுதியிருந்தாலும் ஊருக்கு அது "காயில் கடை"தான். சில வருடங்களுக்கு முன், தோட்டங்களில் மண்ணுக்குள் போன இரும்புக் குழாயையும் வால்வு மூடியையும் தேடிக் கொடுப்பதற்காக ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினேன். அதோடு, மண்ணுக்கு மேல் ஆட்டித் தேடுகிற வட்டமான கம்பிச் சுருள், 11 அங்குல காயில் வந்தது. குழாய் வேலைக்கு ஆழம் பத்தவில்லை என்று 15 அங்குலத்தில் இன்னொன்று வாங்கினேன். அப்போது விற்றவர் என் தலையில் கட்டிய 6 அங்குல காயில் ஒன்று, உறை கூடப் பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது.

எங்கள் பக்கத்தில் யாரும் அதைக் காயில் என்று சொல்வதில்லை. "தட்டு" என்பார்கள். தடியின் நுனியில் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து மாட்டியது போலத்தான் இருக்கிறது. இங்கே நானும் அப்படியே எழுதுகிறேன்.

திருமங்கலத்துக்கும் உசிலம்பட்டிக்கும் நடுவில் ஒரு ஊர். நாற்பது சென்ட் மல்லிகைத் தோட்டம், செவல் மண். போன சித்திரையில், மீனாட்சி திருக்கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை அதிகாலை நாலரைக்குத் தோட்டத்துக்காரரின் மனைவியும் கூலிக்கு வந்த மூன்று பெண்களும் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறித்தார்கள். ஏழு மணிக்குப் பூ மூட்டை மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய்விட்டது. எட்டு மணிக்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் திறந்தார்கள். பதினொரு மணிக்குக் குளிக்கப் போனபோதுதான் அந்த அம்மா கழுத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். தாலிச் செயின் இல்லை.

செயின் மூன்று பவுன். அதில் கோத்திருந்த தாலி அரைப் பவுன், அதாவது நான்கு கிராம். அது போக இரண்டு குண்டு, இரண்டு காசு. முதலில் பூ மார்க்கெட்டுக்குத்தான் போன் அடித்தார்கள். கமிஷன் கடையில் மூட்டையைத் தரையில் கொட்டிப் பார்த்துவிட்டு இல்லை என்றார்கள். அன்று மாலையே மாமியார் ஒரு மஞ்சள் கிழங்கை மஞ்சள் கயிற்றில் கட்டி மருமகளின் கழுத்தில் போட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை இரவு எனக்குத் தகவல் வந்தது.

## முதல் நாள், சனிக்கிழமை

தோட்டத்துக்காரர் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, பெரிய தட்டு இருக்குல்ல?" என்பதுதான். தண்ணீர் பாய்ந்த மண், செயின் உள்ளே இறங்கியிருக்கும், ஆழமாகப் பார்க்க வேண்டும் என்பது அவர் நினைப்பு. என் நினைப்பும் அதுவாகத்தான் இருந்தது. நான் மறுத்துப் பேசவில்லை. 15 அங்குலத் தட்டை மாட்டினேன். இந்த நிகழ்வில் எடுத்த முதல் முடிவு அது. தப்பான முடிவும் அதுதான்.

பத்து நிமிடத்தில் மூன்று தொந்தரவுகள் தெரிந்தன.

ஒன்று, செடி. நன்றாகத் தழைத்த மல்லிகைச் செடியின் கீழ்க்கிளைகள் மண்ணைத் தொட்டுக்கொண்டு பாவாடை மாதிரி விரிந்திருக்கும். ஒன்றேகால் அடி அகலத் தட்டை அதற்குள் நுழைக்க முடியவில்லை. செடியைச் சுற்றி, பாதையில் மட்டும்தான் ஆட்ட முடிந்தது. பறிக்கும்போது கழுத்தில் இருப்பது அறுந்தால் செடியின் மேல் விழுந்து உள்பக்கமாகச் சரியும், பாதையில் விழாது. அந்த நேரத்தில் எனக்கு இது உறைக்கவில்லை.

இரண்டாவது, மண். தண்ணீர் ஓடிய வாய்க்கால் ஓரத்தில் கருமணல் கோடு கோடாகப் படிந்திருந்தது. ஸ்பீக்கர் காந்தத்தை அதில் வைத்தால் மீசை முளைத்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். இரும்புத் தாது கலந்த இந்த மாதிரி மண் தானே ஒரு சத்தம் கொடுக்கும். தட்டு பெரிதாக ஆக, அது பார்க்கும் மண்ணும் அதிகம், மண்ணின் சத்தமும் அதிகம். போதாததற்கு அறுபதடி தள்ளி மோட்டார் ஷெட். மும்முனை மின்சாரம் வந்து மோட்டார் ஓடத் தொடங்கியதும் பெரிய தட்டு ஆன்டெனா மாதிரி இரைச்சலை எல்லாம் வாங்கிக் காதில் கொட்டியது. மெஷினின் சென்சிடிவிட்டியை, அதாவது உணர்திறனை, பாதிக்கு மேல் குறைத்தேன்.

மூன்றாவது, தாள். மல்லிகைக்கு மருந்து அடிக்காத வாரமே கிடையாது. மருந்துப் பாக்கெட்டின் அலுமினியத் தாள், பாட்டில் வாயை மூடியிருக்கும் வட்டத் தாள், பாக்கு பாக்கெட், மாத்திரை அட்டை என்று பல வருடக் குப்பை மண்ணோடு கலந்து கிடந்தது. முதல் ஒரு மணி நேரத்தில் நாற்பது இடத்துக்கு மேல் தோண்டினேன். நாற்பதிலும் தாள். பின்னால் வந்த பெண்களின் கால் மெட்டிக்கு வேறு அவ்வப்போது மெஷின் கத்தியது. "மதினி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

இங்கேதான் இரண்டாவது தப்பு. பொறுமை போய், டிஸ்கிரிமினேஷன் என்ற வடிகட்டியைத் தாள் அளவுக்கு ஏற்றி வைத்தேன். ஒவ்வொரு உலோகத்துக்கும் மெஷின் திரையில் ஒரு எண் காட்டும்; அலுமினியத் தாளின் எண்ணும் சின்னத் தங்கத்தின் எண்ணும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் விழும் என்பது எனக்குத் தெரியாததில்லை. தாளை வடிகட்டினால் தாலியும் சேர்ந்து வடிந்துவிடும். தெரிந்தே செய்தேன், தாலி கெட்டியான பொருள், தப்பித்துக் கேட்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சத்தம் குறைந்தது, மனசுக்கு நிம்மதியாக இருந்தது. மதியத்துக்குள் தோட்டம் முழுவதையும் முடித்துவிட்டு, "தேடின வரைக்கும் கிடைக்கலை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

## சனிக்கிழமை மாலை

நான் சொன்னது வேறு, ஊர் எடுத்துக்கொண்டது வேறு. "மெஷினே வந்து பார்த்துட்டு இல்லைன்னு சொல்லிருச்சு" என்று பேச்சு பரவியது. மண்ணில் இல்லை என்றால் யாரோ எடுத்திருக்க வேண்டும். கூலிக்கு வந்த மூன்று பேரில், அடுத்த வரிசையில் பறித்த பெண்ணின் பெயர் அடிபட்டது. நேராக யாரும் கேட்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை அவர் பூப்பறிக்க வரவில்லை.

இது எனக்குத் தெரிந்தது ஞாயிறு மதியம், தோட்டத்துக்காரர் போன் செய்தபோது. "போலீஸ்ல சொல்லலாமாண்ணே?" என்றார். அதுவரை எனக்கு இது கிடைத்தால் சந்தோஷம், கிடைக்காவிட்டால் பெட்ரோல் காசு என்கிற அளவில்தான் இருந்தது. செடிக்கு அடியில் தட்டையே நுழைக்காமல், பாதியைக் கேட்காதபடி வடிகட்டியும் வைத்துவிட்டு நான் பார்த்த பார்வையை வைத்து ஒரு பெண்ணைத் திருடி ஆக்கப் பார்க்கிறார்கள். "திங்கக்கிழமை ஒரு நாள் பொறுங்க. நான் சரியாப் பார்க்கலை" என்றேன். அப்படிச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

## ஞாயிற்றுக்கிழமை, கடையில்

கடையை அரைக் கதவு சாத்திக்கொண்டு, சனிக்கிழமை காலையிலேயே செய்திருக்க வேண்டிய சோதனையைச் செய்தேன். என் மகளின் ஒரு பவுன் செயின், ஒரு சின்ன மோதிரம், தோட்டத்திலிருந்து என் பையோடு வந்துவிட்ட ஒரு மருந்துத் தாள். இவ்வளவுதான் சாமான்.

மோதிரத்தை இரண்டு தட்டும் ஆறு விரக்கடை (விரல் அகலம்) தூரத்தில் பிடித்தன. செயின் கதை வேறு. 15 அங்குலத் தட்டுக்குக் கீழே விரித்துப் போட்டால் கிட்டத்தட்ட ஊமை. 6 அங்குலத்தில் இரண்டு விரக்கடை நெருங்கியபோது ஒரு "டிக்". அந்த டிக்கும் கொக்கி இருக்கும் பக்கத்தில்தான் வந்தது.

காரணம் இருக்கிறது. தட்டிலிருந்து போகும் மாறும் காந்தப்புலம் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்புகிறது; அந்தச் சுழல் திருப்பி அனுப்புவதைத்தான் மெஷின் கேட்கிறது. மோதிரம் முழு வளையம், மின்னோட்டம் சுற்றி வர வழி உண்டு. செயினோ தனித்தனிக் கண்ணிகள். கண்ணிக்குக் கண்ணி தொடுவது பேருக்குத்தான். ஆகவே மூன்று பவுன் செயினும் மெஷினுக்கு ஒரே ஒரு கண்ணி அளவாகத்தான் தெரியும். நான்கு கிராம் தாலித் தகடு அதைவிடச் சத்தமாகக் கேட்கும். எடையைப் பார்த்துத் தேடக்கூடாது, கெட்டியாக இருக்கும் துண்டைத் தேட வேண்டும் என்று அப்போது முடிவு செய்தேன்.

அடுத்தது ஆழக் கணக்கு. எங்கள் தொழிலே காயில் என்பதால் இதைத் தாளில் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இரண்டு தட்டிலும் ஒரே சுற்று, ஒரே ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், நடுமையத்துக்கு நேர் கீழே 5 செ.மீ. தூரத்தில் 6 அங்குலத் தட்டின் புலம் 15 அங்குலத்தைவிட ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். சத்தம் போகவும் வரவும் இரண்டு முறை அந்தத் தூரத்தைக் கடப்பதால், கையில் கிடைப்பது இரண்டரை மடங்கு. 15 செ.மீ. தூரத்தில் நிலைமை தலைகீழ். அங்கே பெரியதற்குப் புலம் இரண்டு மடங்கு, சத்தம் நான்கு மடங்குக்கு மேல். இரண்டும் சமமாகும் இடம் சுமார் 8 செ.மீ., நம் கணக்கில் நான்கு விரக்கடை. நிஜத் தட்டுகளில் சுற்று எண்ணிக்கை ஒன்றாக இருக்காது, எனவே இதைத் திட்டமான எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டாம். திசை மட்டும் சரி.

செயின் விழுந்து மூன்று நாள். ஒரு முறை தண்ணீர் பாய்ந்திருக்கிறது, சில கால்கள் மிதித்திருக்கும். எவ்வளவு இறங்கியிருக்கும்? ஒரு விரக்கடை, மிஞ்சினால் இரண்டு. தட்டை மண்ணிலிருந்து ஒரு விரக்கடை தூக்கிப் பிடித்தாலும் நான்குக்குள்தான் வருகிறது. ஆழத்துக்காக நான் எடுத்துப் போன பெரிய தட்டுக்கு அந்தத் தோட்டத்தில் ஆழமே இல்லை.

கடைசிச் சோதனைதான் என்னை உட்கார வைத்தது. மோதிரத்தையும் மருந்துத் தாளையும் அரைச் சாண் இடைவெளியில் தரையில் வைத்தேன். 15 அங்குலத் தட்டில் இரண்டும் சேர்ந்து ஒரே மொத்தமான சத்தம், எண் தாளுடையது. 6 அங்குலத்தில் தனித்தனியாக இரண்டு. பரப்பை எண்ணினால் இது ஆச்சரியமில்லை. 15 அங்குல வட்டம் 6 அங்குல வட்டத்தைப் போல ஆறேகால் மடங்கு. சதுர அடிக்கு ஒரு தாள் கிடக்கிற தோட்டத்தில் பெரிய தட்டுக்கு அடியில் எப்போதும் ஏதாவது ஒரு தாள் இருந்துகொண்டே இருக்கும். சின்னது ஐந்து இடத்தில் நான்கு இடம் சுத்தமான மண்ணைப் பார்க்கும்.

11 அங்குலத்தைப் போட்டால் என்ன என்றும் யோசித்தேன். திறந்த பாதைக்கும் வரப்புக்கும் அதுதான் ஏற்றது. செடிக்கு அடியில் அதுவும் நுழையாது. நாங்கள் தேட வேண்டியது செடிக்கு அடியில் என்பதால் 6 என்று முடிவு செய்தேன்.

## இரண்டாம் நாள், திங்கட்கிழமை

சின்னத் தட்டுக்கு ஒரு விலை உண்டு, நேரம். நாற்பது சென்ட்டையும் அதைக் கொண்டு தடவினால் ஒரு வாரம் ஆகும். எனவே முதலில் இடத்தைச் சுருக்க வேண்டியிருந்தது. அதிகாலை நாலரைக்கே போய், அந்த அம்மாவை வியாழக்கிழமை மாதிரியே தலை லைட்டோடு, மடி கட்டிக்கொண்டு, அதே வரிசையில் நடந்து பறிக்கச் சொன்னேன். வீட்டில் உட்கார்ந்து கேட்டபோது ஒன்றும் ஞாபகம் இல்லை என்றவர், மூன்றாவது வரிசை முடிந்து திரும்பியதும் நின்றார். "இங்கன எங்கயோதான்... மடி பாதி நிறைஞ்சிருந்துச்சு. கழுத்துல வெடுக்குனு ஒரு இழுப்பு. லைட்டு ஒயரு செடியில மாட்டிக்கிருச்சுன்னு நெனச்சு இழுத்து விட்டுட்டேன்ணே" என்றார்.

மூன்றாவது, நான்காவது வரிசை. மொத்தம் அறுபது செடி. இது போதும்.

வெளிச்சம் வந்ததும் ஆரம்பித்தோம். மோட்டாரை நிறுத்தி வைக்கச் சொன்னேன். வடிகட்டியைச் சுத்தமாக எடுத்துவிட்டேன்; எந்த உலோகமானாலும் கத்தட்டும். தட்டின் கம்பியைத் தடியில் இறுக்கிச் சுற்றினேன், தொங்கலாக ஆடினால் அதுவே பொய்ச் சத்தம் கொடுக்கும். செடி செடியாக மாமியார் கிளையைத் தூக்கிப் பிடிக்க, நான் முட்டி போட்டு உள்ளே தட்டை நுழைத்து ஆட்டினேன். களைக்கொத்து இரும்பு என்பதால் அதை வரப்பிலேயே வைத்துவிட்டு, சத்தம் வந்த இடத்தில் கொட்டாங்குச்சியால் மண்ணை அள்ளித் தட்டின் மேல் ஆட்டிப் பார்த்தோம். கத்தினால் மண்ணை உள்ளங்கையில் பிரித்துப் பார்ப்பது, கத்தாவிட்டால் கொட்டிவிட்டு அடுத்த அள்ளு.

நடுவில் ஒரு அரை மணி நேரம் வீணானது. திடீரென்று எல்லா இடத்திலும் சத்தம். கழற்றிப் பார்த்தால், தட்டுக்கும் அதன் அடி உறைக்கும் இடையில் ஈரக் கருமணல் புகுந்து அப்பியிருந்தது. கழுவித் துடைத்த பிறகு அடங்கியது.

வேடிக்கை பார்க்க வந்த ஒருவர், ஊருக்கு மேற்கே இருக்கிற பழைய மேட்டில் பானை ஓடெல்லாம் கிடக்கிறது, அங்கேயும் ஒரு சுற்று வாங்களேன் என்றார். கீழடி பேர் எடுத்த பிறகு இந்தக் கேள்வி எங்கே போனாலும் வருகிறது. முடியாது என்றேன். மண்ணில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும் என்று 1878ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த மாதிரி மேட்டில் குழி போடுவது ஏட்டில் பக்கத்தைக் கிழிப்பது மாதிரி.

ஒன்பதே முக்கால் மணிக்கு, நான்காவது வரிசையில் வாய்க்காலிலிருந்து ஏழாவது செடி. செடியின் ஓரத்தில் சனிக்கிழமை நான் தோண்டிய குழி அப்படியே இருந்தது, பக்கத்தில் நான் எடுத்துப் போட்ட மருந்துத் தாளும். தாளைத் தூக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தட்டைக் கிளைக்கு அடியில் நுழைத்தேன். பழைய குழியிலிருந்து அரைச் சாண் தள்ளி, சின்னதாக, ஆனால் இரண்டு பக்கத்திலிருந்து ஆட்டினாலும் மாறாத ஒரு சத்தம். மேலே காய்ந்த இலை. அதை ஒதுக்கிவிட்டு ஒரு கொட்டாங்குச்சி மண்ணை அள்ளி ஆட்டினேன். கத்தியது. மாமியார் கையை நீட்டி வாங்கி, மண்ணைக் கட்டை விரலால் நசுக்கினார். மஞ்சள் பொடி ஏறி மங்கிப்போன தாலி.

காசு இரண்டும் அதே இடத்தில் கிடைத்தன. ஒரு குண்டு அதற்கு ஒரு விரக்கடை கீழே. செயினை மெஷின் கண்டுபிடித்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு அடி தள்ளி ஒரே ஒரு டிக் வந்த இடத்தில், அது கொக்கியாக இருக்கலாம் என்று விரலால் கிளறியபோது சேற்றோடு சேர்ந்து வந்தது. கொக்கிக்குப் பக்கத்துக் கண்ணி தேய்ந்து வாய் திறந்திருந்தது. இரண்டாவது குண்டு மட்டும் கிடைக்கவில்லை. உள்ளே கூடாக இருக்கிற மெல்லிய தகடு, தண்ணீர் இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். மாலை வரை வாய்க்கால் வழியே தேடியும் சிக்கவில்லை.

## பிறகு நடந்தது

திருக்கல்யாணத்தன்று அந்த அம்மா புது மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோத்துக் கட்டிக்கொண்டார். செயினைப் பற்ற வைத்துப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். பூப்பறிக்கப் போகும்போது இனி கயிறுதானாம்.

தோட்டத்துக்காரர் திங்கட்கிழமை மதியமே அந்தக் கூலிப் பெண்ணின் வீட்டுக்குப் போய்த் தகவல் சொன்னார். "கிடைச்சிருச்சாண்ணே, சந்தோஷம்" என்று மட்டும் சொன்னாராம். அதற்குப் பிறகு அவர் அந்தத் தோட்டத்துக்கு வரவில்லை. இப்போது கால்வாய்க்கு அந்தப் பக்கம் வேறு ஒருவரிடம் பறிக்கிறார். அதே கூலிதான்.

## இப்போது எப்படிச் செய்கிறேன்

தொலைந்த பொருள் என்றால் தோட்டத்துக்குப் போவதற்கு முன்பே அதே மாதிரியான பொருளை மூன்று தட்டிலும் காட்டிப் பார்த்துவிடுகிறேன். அரை மணி நேர வேலை. தட்டைத் தேர்ந்தெடுக்கும்போது ஆழம் இப்போது எனக்கு மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி, பொருளின் கெட்டியான துண்டு எவ்வளவு பெரியது. இரண்டாவது, அந்த இடத்தில் குப்பையும் இடைஞ்சலும் எவ்வளவு. குழாய் வேலைக்கு இன்றும் 15தான். கண்மாய்க் கரை, அறுவடை முடிந்த வயல் மாதிரித் திறந்த இடத்துக்கு 11. செடி, வேலி, வீட்டுக் கொல்லை, குப்பைமேடு என்றால் 6ஐத் தவிர வேறு யோசிப்பதில்லை.

தாளை வடிகட்டுவதை, தங்கம் தேடும்போது, அடியோடு விட்டுவிட்டேன். ஒரு தாளை எடுத்த குழியை இன்னொரு முறை ஆட்டிப் பார்க்காமல் நகர்வதும் இல்லை. சனிக்கிழமை அந்த ஏழாவது செடியில் வடிகட்டியை இன்னும் ஏற்றவில்லை. தாளை எடுத்த பிறகு ஒரே ஒரு முறை தட்டைக் குனிந்து உள்ளே விட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும் என்று இப்போதும் தோன்றுகிறது. அந்தத் தட்டு அங்கே நுழைந்திருக்காது என்பது வேறு விஷயம்.

கிளம்பும்போது சொல்கிற வார்த்தையையும் மாற்றிக்கொண்டேன். எந்தெந்த வரிசை பார்த்தேன், எந்தத் தட்டில், எங்கே பார்க்க முடியவில்லை என்பதை ஒரு தாளில் எழுதி வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுகிறேன். பார்க்காத இடத்தைச் சிவப்பு மையில் எழுதுகிறேன்.

அந்த ஒரு குண்டு இன்னும் மண்ணில்தான் இருக்கிறது. கார்த்திகைக் கடைசியில் கவாத்து வெட்டுவார்கள். செடி முழங்கால் உயரத்துக்குக் குறைந்து அடிமண் வெளியே தெரியும். அப்போது சொல்லி அனுப்புகிறேன் என்று மாமியார் சொல்லியிருக்கிறார். "சின்னத் தட்டையே கொண்டாய்யா" என்றார்.